பெப்பே அழுததுக்காக அவர மன்னிக்க வேணாம் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உங்க விளையாட்டு பக்கத்துல ஃபுட்பால்ல ரவுடித்தனம் பண்ண பிளேயர்ஸ் பத்தி ஒரு சின்ன கட்டுரை வந்துச்சு, அதுல மூணாவதா போர்ச்சுகல் டிஃபெண்டர் பெப்பே, கூடவே ஜெர்மனியோட முல்லர முட்டுற அந்த ஃபோட்டோ. படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. பெப்பே ரொம்ப வருஷம் ஆடுனது ரியல் மேட்ரிட்ல, நான் அவங்க பரம எதிரி பார்சிலோனாவோட ரசிகன்ங்கறத முதல்லயே சொல்லிடுறேன், அதுவும் சாதா ரசிகன் இல்ல, பெப்பே பேர கேட்டாலே டீ கிளாஸ கீழ வெச்சிட்டு திட்டுற ஆளு. இப்ப இந்த லெட்டர்ல "அவரு"ன்னு எழுதுறேன் பாருங்க, 2012ல எழுதியிருந்தா "அவன்"னுதான் எழுதியிருப்பேன், அதுவும் நீங்க பிரிண்ட் பண்ற மாதிரி இருந்திருக்காது.

அவரு பண்ணது எதையும் நான் மறைக்க வரல. 2009 ஏப்ரல்ல மேட்ரிட்டுக்கும் கெட்டாஃபேவுக்கும் மேட்ச், ஸ்கோர் 2-2, மேட்ச் முடியப்போற நேரம், பாக்ஸுக்குள்ள கெட்டாஃபே பிளேயர் காஸ்கெரோவ தள்ளிவிட்டு பெனால்டி குடுத்தாரு. அதோட விட்டாரா, கீழ கிடந்தவர காலால உதைச்சு, முதுகுல மிதிச்சு, தடுக்க வந்த இன்னொருத்தர் மூஞ்சிலயும் ஒண்ணு விட்டாரு. பத்து மேட்ச் தடை, அந்த சீசன் அதோட போச்சு. இதுல வேடிக்கை என்னன்னா காஸ்கெரோ எழுந்து வந்து அந்த பெனால்டிய பனேன்கா ஸ்டைல்ல மெதுவா தூக்கிவிடப் பாத்தாரு, மேட்ரிட் கோல்கீப்பர் கசியாஸ் நின்ன இடத்துலயே பிடிச்சிட்டாரு, கடைசில ஹிகுவைன் கோல் போட்டு மேட்ரிட் 3-2 ஜெயிச்சிடுச்சு. அடிச்ச டீம் ஜெயிக்குது அடி வாங்குனவர் பெனால்டியும் போகுது, அன்னைக்கு எனக்கு வந்த கடுப்பு இருக்கே.

அப்புறம் 2011 சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல், எங்க டானி ஆல்வெஸ் மேல கால தூக்கிட்டு போய் ரெட் கார்டு, அதுக்கப்புறம் மெஸ்ஸி ரெண்டு கோல், அன்னைக்கு மட்டும் அவருக்கு நன்றி சொன்னோம். 2012 ஜனவரில கீழ உக்காந்திருந்த மெஸ்ஸியோட கைய மிதிச்சாரு, தெரியாம பட்டுச்சுன்னு சொல்லி மன்னிப்பும் கேட்டாரு, நான் இன்னைக்கு வரைக்கும் நம்பல. 2014 வேர்ல்டு கப்ல ஜெர்மனிகிட்ட ரெண்டு கோல் பின்னாடி இருக்கும்போது 37வது நிமிஷத்துல உக்காந்திருந்த முல்லர்கிட்ட குனிஞ்சு தலையால முட்டுனாரு, வெளிய போனாரு, டீம் 4-0ன்னு அடி வாங்குச்சு. எங்க ஊர்ல ஒருத்தருக்கு டிமிக்கி குடுத்தா "பெப்பே காட்டிட்டான்"ன்னு சொல்வோம்ல, அன்னைக்கு சொந்த டீமுக்கே பெப்பே காட்டுனாருன்னு எல்லாரும் சிரிச்சோம்.

சரி, இவ்ளோ தெரிஞ்சும் ஏன் இந்த லெட்டர்னு கேப்பீங்க. 2024 யூரோ கப்புல ஹாம்பர்க்ல ஃபிரான்ஸ்கிட்ட பெனால்டில தோத்த ராத்திரி 41 வயசு பெப்பே அழுதாரு, ரொனால்டோ கட்டிப்பிடிச்சு ஆறுதல் சொன்னாரு. அந்த வீடியோ சுத்துனதுல இருந்து எங்க ஆளுங்க எல்லாம் திடீர்னு "லெஜண்ட், பாவம், இந்த வயசுல என்ன டெடிகேஷன்"னு ஆரம்பிச்சிட்டாங்க, ஆகஸ்ட்ல ரிட்டயர் ஆனதும் இன்னும் ஜாஸ்தி. எனக்கு இது பிடிக்கல சார். வயசாச்சு, அழுதாருன்னு மன்னிக்கிறது வெறும் பரிதாபம், அதுல அந்த ஆளோட ஆட்டத்த யாரும் திரும்ப பாக்கவே இல்ல. உங்க கட்டுரை 2014லயே நிக்குது, எங்க ஆளுங்க 2024ல கண்ணத் தொடைச்சுக்கிறாங்க, நடுவுல ஒரு பத்து வருஷம் அவரு என்ன ஆடினாருன்னு ரெண்டு பேருமே பாக்கல.

2016 யூரோ ஃபைனல எடுத்துக்கோங்க. பாரிஸ் பக்கத்துல, ஃபிரான்ஸோட சொந்த கிரவுண்டு. பெப்பே தொடை அடியால செமி ஃபைனல் ஆடல, ஃபைனலுக்கு எப்படியோ திரும்பி வந்துட்டாரு. ஃபிரான்ஸோட பயெட் மோதுனதுல அடிபட்டு 25வது நிமிஷத்துல ரொனால்டோ ஸ்ட்ரெச்சர்ல வெளிய போறாரு. பழைய பெப்பேவா இருந்தா அடுத்த அஞ்சு நிமிஷத்துல பயெட்ட பழிவாங்கப் போயிருப்பாரு, நானும் அதத்தான் எதிர்பாத்து உக்காந்திருந்தேன், பொய் சொல்லல, ஆசையாவே எதிர்பாத்தேன். போகல. அந்த மேட்ச்ல மொத்தம் பத்து யெல்லோ கார்டு, போர்ச்சுகலுக்கு மட்டும் ஆறு, பக்கத்துல நின்ன ஃபொன்டேவுக்கு ஒண்ணு, கோல்கீப்பர் பத்ரீசியோவுக்கே ஒண்ணு, பெப்பேவுக்கு ஒண்ணு கூட இல்ல. 120 நிமிஷம் ஃபிரான்ஸ் ஃபார்வர்டுகள பாத்துக்கிட்டாரு. 109வது நிமிஷத்துல போர்ச்சுகலோட எடர் கோல் அடிச்சாரு, மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் ஓடிப்போய் கத்துறாங்க, இவரு கிரவுண்டுலயே வாந்தி எடுத்துட்டு இருந்தாரு. உடம்புல மிச்சம் ஒண்ணும் இல்ல.

நானும் ஞாயித்துக்கிழமை கிரவுண்டுல ஸ்டாப்பர், அதாவது பெப்பே மாதிரி நடு டிஃபெண்டரா ஆடுறவன்தான், 34 வயசுலயே முட்டி கடமுடான்னு சத்தம் போடுது. ஸ்டாப்பருக்கு ஒழுக்கம்னா கார்டு வாங்காம இருக்கறது மட்டும் இல்ல சார். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது நீ எங்க நிக்கிற, ஓரத்துல ஆடுற ஃபுல் பேக் முன்னாடி ஏறிப் போயிட்டா அந்த காலி இடத்த யாரு பாக்குறது, கோவம் வந்தாலும் ரெண்டடி பின்னால வந்து லைன பிடிக்கிறியா, அதுதான் முழு வேலையே. டிவில அது தெரியாது ஏன்னா கேமரா எப்பவும் பந்து பின்னாடியே போகும். அவரு உதைச்சது மட்டும் அழகா குளோசப்ல தெரியும்.

2021 மார்ச்ல டூரின்ல சாம்பியன்ஸ் லீக், பெப்பேவோட போர்ட்டோவுக்கும் ரொனால்டோவோட யுவென்டஸுக்கும் மேட்ச், நம்ம ஊர்ல நடுராத்திரி ஒன்றரை மணிக்கு. பெப்பேவுக்கு 38 முடிஞ்சு ரெண்டு வாரம் கூட ஆகல. 54வது நிமிஷத்துல போர்ட்டோவோட தாரெமி பந்த தட்டிவிட்டு ரெண்டாவது யெல்லோ வாங்கி வெளிய போறாரு, அதாவது பெப்பே ஒரு காலத்துல டீமுக்கு பண்ண அதே கொடுமைய இப்ப வேற ஒருத்தர் அவருக்கு பண்றாரு. பத்து பேரு, எக்ஸ்ட்ரா டைம் சேத்து ஒரு மணி நேரத்துக்கு மேல. கிராஸ் வருது தலை, கிராஸ் வருது கால், கீழ விழுந்தா எந்திரிச்சு முதல்ல பக்கத்துல இருக்கறவன் இடத்த சரி பண்றாரு, கைய நீட்டி நீட்டி ஒவ்வொருத்தரையா நிக்க வைக்கிறாரு. போர்ட்டோவோட ஒலிவெய்ரா அடிச்ச ஃப்ரீ கிக்ல, தடுப்புச் சுவரா நின்ன ரொனால்டோ திரும்பிக்கிட்டாரு, பந்து உள்ள போச்சு, அவே கோல், அதாவது எதிரி கிரவுண்டுல போட்ட கோல் கணக்குல போர்ட்டோ தாண்டிடுச்சு. அன்னைக்குத்தான் என்ன அறியாம "அவரு"ன்னு வாய்ல வந்துச்சுன்னு நினைக்கிறேன்.

தலைமைன்னு சொல்றதுக்கு இன்னொண்ணு, இத யாரும் எடுத்தே சொல்ல மாட்டேங்கறாங்க. 2013ல மேட்ரிட் கோச் மொரின்யோ கசியாஸ ஓரங்கட்டி வெச்சிருந்தப்ப, கசியாஸுக்கு மரியாதை குடுக்கணும்னு வெளிப்படையா சொன்னது பெப்பே. மொரின்யோவோட செல்லப்பிள்ளை சார் அவரு, எங்களுக்கு எதிரா மிட்ஃபீல்டுல எறக்கிவிட்டு வேட்டைக்கு அனுப்புவாரே, அந்த ஆளு. உடனே மொரின்யோ, பெப்பேவோட பிரச்சினைக்குப் பேரு "ரஃபேல் வரான்", அந்த சின்னப்பய டிஃபெண்டர் வந்து இவரு இடத்த எடுத்துக்கிட்டான் அதான் புலம்புறாருங்கற மாதிரி பதில் சொன்னாரு. இடம் போகும்னு தெரிஞ்சும் வாயத் திறந்தாரா, இல்ல மொரின்யோ சொன்ன மாதிரி பொறாமைலயா, அது அவருக்குத்தான் வெளிச்சம், ஆனா அந்த டிரெஸ்ஸிங் ரூம்ல மைக் முன்னாடி பேசறதுக்கு தைரியம் வேணும்.

ஒரேயடியா சாமியாரா மாறிட்டாருன்னும் சொல்ல மாட்டேன். 2018 வேர்ல்டு கப்ல மொராக்கோ பெனாட்டியா பின்னாடி லேசா தட்டுனதுக்கு இவரு விழுந்த விழுகை இருக்கே, முல்லர் பாத்திருந்தா கைதட்டியிருப்பாரு. 2022ல அதே மொராக்கோகிட்ட தோத்ததும் ரெஃப்ரி அர்ஜென்டினாக்காரருன்னு கடுப்பா பேசிட்டு போனாரு, காலு அடங்குனாலும் வாய் அடங்கல. ஆனா அதுக்கு முந்தின சுவிட்சர்லாந்து மேட்ச்ல ரொனால்டோவ பெஞ்ச்ல உக்கார வெச்சு உலகமே அதப் பத்தி பேசிட்டு இருந்தப்ப கேப்டன் பட்டைய கட்டிட்டு எறங்குனது இவருதான். கார்னர்ல ஹெட்டர் கோல், 6-1, அன்னைக்கு வரைக்கும் வேர்ல்டு கப் நாக்அவுட்ல கோல் அடிச்சதுலயே வயசான ஆளு, 39.

அதனால என் கோரிக்கை சின்னதுதான். அடுத்த தடவை இவரப் பத்தி போட்டா காஸ்கெரோவ தாராளமா எழுதுங்க, அத எடுக்கச் சொல்லல, எடுக்கவும் கூடாது, மெஸ்ஸி கைய ரெண்டு தடவை எழுதுனாலும் எனக்கு சந்தோஷம்தான். பக்கத்துல அந்த 2016 ராத்திரிக்கும் நாலு வரி இடம் குடுங்க.

அப்புறம் சார், பேர் போடாம பிரிண்ட் பண்ணுங்க. எங்க ரூம்ல ஒரு மேட்ரிட் பய இருக்கான், பத்து வருஷமா "பெப்பே நல்ல டிஃபெண்டர்னு ஒரு தடவ சொல்லு மாப்ள"ன்னு உயிர எடுக்குறான், இத நான்தான் எழுதுனேன்னு தெரிஞ்சா ஃபிரேம் போட்டு மாட்டிருவான்.

இப்படிக்கு,
ஒரு பார்சா ரசிகன், மதுரை