மெமரி வாங்குமுன் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது, மெமரியைக் கூட்டிப் போடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் அதிகம். போடலாம். ஆனால் 2025 இறுதியில் மெமரி (ரேம்) விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ தரவு நிலையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் வந்த விலை அது. ஆகவே தேக்காவில் உள்ள எங்கள் கடைக்குப் பஸ் ஏறுமுன் வீட்டிலேயே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூ (கணினியின் மூளை), மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் வரைபடம் ஓடும். கணினியைத் திறந்த உடனே பார்க்காதீர்கள். அப்டேட், வைரஸ் சோதனை எல்லாம் அப்போதுதான் மும்முரமாக நடக்கும், சிபியூ எகிறித்தான் நிற்கும். கொஞ்சம் பொறுத்து, வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

மெமரி 60, 70 சதவீதம் என்றால் பதற ஒன்றுமில்லை. கீழே 'கேஷ்ட்' என்று பெரிய எண் தெரிந்தாலும் கவலை வேண்டாம். மறுபடி தேவைப்படலாம் என்று விண்டோஸ் எடுத்து வைத்திருப்பது அது. வேறு வேலைக்கு இடம் வேண்டுமென்றால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். மெமரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பெரும்பாலும் இதைக் காலி செய்துவிட்டுத்தான் பெருமை அடிக்கின்றன. நாங்கள் அவற்றை எந்தக் கணினியிலும் போடுவதில்லை.

மெமரி 90க்கு மேலேயே நின்று, டிஸ்க்கும் சேர்ந்து துடித்தால் இடம் போதவில்லை என்று பொருள். அப்போதும் முதலில் பிரவுசரைப் பாருங்கள். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100லேயே நிற்கிறது என்றால் பழைய ஹார்டு டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டால் போதும், மெமரி தேவைப்படாது.

சிபியூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்மையில் தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளையின் மடிக்கணினி ஒன்று வந்தது. மெமரி 45 சதவீதம்தான். ஆனால் 'ஸ்பீட்' என்ற இடத்தில் 0.8 கிகாஹெர்ட்ஸ், அதன் அடிப்படை வேகமோ 2.4. கீழ்மூடியைக் கழற்றினால், காற்றாடிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவே தூசி கம்பளித்துண்டு மாதிரி படிந்திருந்தது. மெத்தை மேல் வைத்தே படித்திருக்கிறாள், ஏர்கானும் இல்லாத அறை. சூடு ஏறினால் சிபியூ தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டி, சிபியூவின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினோம். அவள் அப்பா மெமரிக்கென்று கொண்டுவந்த வெள்ளி அவர் பையிலேயே இருந்தது.

மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் 'மெமரி பிரஷர்' வரைபடத்தைப் பாருங்கள். பச்சையாக இருக்கும்வரை சரி. எம் வரிசை சில்லு உள்ள மேக்கில் பின்னால் மெமரி சேர்க்கவே முடியாது, வாங்கும்போதே யோசித்து எடுக்க வேண்டும்.

அப்புறம், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிக்கு இந்த விலையில் மெமரி வாங்கிப் போடச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு மெமரிதான் வேண்டும் என்று பட்டால், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைப் படம் எடுத்து, கணினியின் மாடல் எண்ணோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மெமரி செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' வரியும் படத்தில் விழட்டும். சில மெல்லிய மடிக்கணினிகளில் மெமரி மதர்போர்டோடே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதில் கூட்ட வழியில்லை. பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
கடையில் இருந்து உங்கள் அன்பர்கள்