தெருமுனை டீக்கடை அண்ணனுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

ராணுவத்தில் இருக்கும் என் தம்பி போனில் பேசிவிட்டான். நலமாக இருக்கிறான். எந்த இடத்தில் என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குரலைக் கேட்டதே போதும். இந்த நிம்மதியின் சூடு ஆறுவதற்குள் சிலருக்கு நன்றி சொல்லிவிட வேண்டும்.

சொர்ணவாரிப் போக நெல் நடவுக்கென்று விடுப்பில் வந்தவன், பாகிஸ்தானுடன் மோதல் சூழ்ந்து அழைப்பு வந்ததும், நாற்றுக்கட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டான். பொன்னேரிப் பக்கம் எங்கள் ஊரில் போன் சரியாக எடுக்காது என்பதால், அம்மா கொருக்குப்பேட்டையில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். 2025 மே 7 அன்று சென்னைத் துறைமுகத்தில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததிலிருந்து இங்கேயும் எந்நேரமும் அதே பேச்சு.

அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. விடியும் முன்பே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய்விடுவார். அங்கே தொலைக்காட்சியில் செய்தி ஓடும். செய்தியைவிட அதில் சேர்த்து ஒலிக்கவிட்ட அபாயச் சங்குதான் அவரை நடுங்க வைத்தது. முதல் நாள் வாளியோடு அப்படியே திரும்பி வந்துவிட்டார். மறுநாளிலிருந்து கடையில் சத்தமே இல்லை. ஏதோ பழுது என்று நினைத்தேன். பக்கத்தில் பூக்கட்டும் அக்காதான் விஷயத்தைச் சொன்னார். அம்மா தெரு திரும்புவதைப் பார்த்ததும், சட்டைப்பையில் தயாராக வைத்திருக்கும் ரிமோட்டை எடுத்து அண்ணன் பெட்டியை அணைத்துவிடுவாராம். செய்தி பார்க்கவே வந்தவர்கள் சண்டைக்கு நின்றபோது, "அந்தம்மா பையன் அங்கே இருக்கிறான். வேண்டுமானால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்" என்றாராம். அந்த நாட்களில் கூட்டம் சேர்ந்ததே செய்திக்காகத்தான். வியாபாரத்தை அவர் பொருட்படுத்தவில்லை. எங்களிடமும் இதுபற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நிகழ்ச்சிகளில் அபாயச் சங்கொலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மே 10 அன்று மத்திய அரசே ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. எங்கள் தெருவில் அதற்கு முன்பே ஒருவருக்கு அது தோன்றியிருக்கிறது. ஜம்மு காஷ்மீர் எல்லையில் பூஞ்ச் பக்கத்துத் தாய்மார்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் கூரைக்கு மேலேயே குண்டுச் சத்தம். அதை அணைக்க யாரால் முடிந்திருக்கும்?

மீதி நடவைக் கூலி வாங்காமல் முடித்துக் கொடுத்த ஊர்க்காரர்கள், சென்ட்ரல் வரை வந்து பெட்டி தூக்கிய தெருப் பிள்ளைகள், நெருக்கியடித்த பெட்டியில் நகர்ந்து உட்கார்ந்து இடம் தந்த முகம் தெரியாத பயணிகள், கோயிலிலும் மாதா கோயிலிலும் தர்காவிலும் அவனுக்காக வேண்டிக்கொண்ட பெண்கள், அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தப் போக அறுவடையில் முதல் மரக்கால் அரிசி டீக்கடை அண்ணன் வீட்டுக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். அடுத்த விடுப்பில் வரும்போது தம்பியே அதைச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டுமாம். அண்ணன் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.