நாலு கிலோபைட்

கும்பகோணம்
27.11.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறவிடுவதில்லை. மழையில் கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்டட்கார்ட்டில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

எழுதக் காரணம், நீ ஹாலில் வைத்துவிட்டுப் போன உபுண்டு கம்ப்யூட்டர். செவ்வாய்க்கிழமை 'டிஸ்க்கில் இடம் குறைவு' என்று மூலையில் ஒரு செய்தி வந்து நின்றது. அம்மா பயந்துபோய் ஸ்விட்சை அணைக்கப் போனாள். அவளைத் தடுத்து, டெர்மினலைத் திறந்து, நீ சொல்லிக்கொடுத்தபடி டிஸ்க் இருப்பைச் சொல்லும் 'டிஎஃப் -ஹெச்' அடித்தேன். மொத்தம் 916ஜி, அதாவது ஜிகாபைட், உபயோகம் 834ஜி, மீதி 36ஜி. 96 சதவீதம்.

1 டிபி, அதாவது டெராபைட், என்று காசு வாங்கியவன் ஆயிரத்தால் பெருக்குகிறான், மெஷின் 1024ஆல் வகுக்கிறது, அதில் கொஞ்சம் போகும் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். அது சரி. ஆனால் 916இல் 834 போனால் 82 இருக்கணும். 36தான் காட்டுகிறான். 46 எங்கே? ஒரு ரூபாய் இடித்தாலே வவுச்சர் கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வருமா? காலையில்தான் பிடிபட்டது. ஈஎக்ஸ்டி4 என்கிற ஃபைல் சிஸ்டம் இந்த டிஸ்க்கில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று, அதாவது மெஷினின் தலைமை நிர்வாகிக்கென்று, ஒதுக்கிவைத்துவிடுகிறது. மற்றவர்கள் நிரப்பித் தீர்த்தாலும் ரூட் உள்ளே வந்து வேலை பார்க்க இடம் இருக்கும். 'டியூன்2எஃப்எஸ்' போட்டு அதைக் குறைக்கலாமாம். நான் தொடவில்லை, இருக்கட்டும். நீயும் சம்பளத்தில் ஒரு பங்கை உன் பேரில் மட்டும் போட்டு வை. ஜாயின்ட் அக்கவுண்ட் வேறு, இது வேறு. மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

பிறகு எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க 'டியு' போட்டேன். டிஎஃப் முழு டிஸ்க்குக்கும் ஒரே இருப்பாகச் சொல்லிவிடும். டியு ஒவ்வொரு டைரக்டரியாக உள்ளே புகுந்து கூட்டிக்கொண்டு வரும், அதனால் நேரம் பிடிக்கும். அளவு வாரியாக அடுக்கச் சொன்னேன். அத்தை வீட்டுக் கல்யாண வீடியோ 118ஜி, அதுவும் இரண்டு காப்பி! ஒன்றை அழிக்கப்போகிறேன். அத்தையிடம் சொல்லிவைக்காதே.

உன் ஃபோன் படங்கள் வந்து சேருகிற போட்டோ டைரக்டரிக்குள்ளும் போனேன். படங்களைத் திறக்கவில்லை, சத்தியமாக. அளவை மட்டும் பார்த்தேன். ஜனவரி 6.2ஜி. மார்ச் 4.8ஜி. ஜூன் 710எம், மெகாபைட்தான். ஆகஸ்ட் 38எம். அக்டோபர் 4.0கே. நவம்பர் 4.0கே.

மாசம் பிறந்தால் டைரக்டரி தானாகப் பிறக்கும்படி நீ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தவறாமல் வேலை செய்கிறது. டைரக்டரி காலியாக இருந்தாலும் ஒரு பிளாக், நாலு கிலோபைட் பிடிக்கும். அதுவும் நீ சொன்னதுதான்.

இங்கே இடம் இல்லாததால் படங்கள் வரவில்லையோ என்று நினைத்தேன். 36ஜி இருக்கிறதே. 'டிஎஃப் -ஐ' போட்டு ஐநோடும், அதாவது எத்தனை ஃபைல் வைக்கலாம் என்கிற கணக்கும், பார்த்துவிட்டேன், 3 சதவீதம்தான் செலவாகியிருக்கிறது. இங்கே இடத்துக்குக் குறைவில்லை. உன் ஃபோனில் ஏதாவது கோளாறா? வேலை ஜாஸ்தியா?

அந்த ஸ்கிரிப்டைத் திறந்து படித்தேன். ஒன்பதே வரி. எங்கள் பிராஞ்சுக்கு வந்த இன்ஜினியர்கள் ஒருத்தரும் இவ்வளவு சுத்தமாக எழுதவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு தெரிந்த பெண்ணுக்கு வீட்டுக்கு ஒரு வரி மெசேஜ் போடத் தெரியவில்லை. தீபாவளிக்குப் பேசினது நாலு நிமிஷம். மாப்பிள்ளை குளிக்கிறார் என்றாய். அங்கே அப்போது மத்தியானம் மூணு மணி.

தனிக் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இந்த வாரமே ஆரம்பித்துவிடு.

1998 மார்ச் 31 கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? இயர் எண்ட் குளோசிங். ராத்திரி ஒன்பது மணிக்கு யூனிக்ஸ் சர்வரில் டிஸ்க் நிறைந்து எல்லாம் நின்றுவிட்டது. நான்தான் சூரன் மாதிரி ஒரு பெரிய லாக் ஃபைலை அழித்தேன். டியுவில் குறைந்துவிட்டது. டிஎஃப் அசையவில்லை. அப்போதெல்லாம் 512 பைட் பிளாக் கணக்கில் காட்டும், கிலோபைட் தெரிய இரண்டால் வகுத்துப் பார்க்கணும். வகுத்து வகுத்துப் பார்த்தேன், அதே எண். ஃபைலின் பேர்தான் போயிருந்தது. ஏதோ ஒரு புரோகிராம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அது விடுகிற வரை இடம் திரும்பாது. புரோகிராமை நிறுத்தினதும்தான் திரும்பியது, விடியற்காலை மூணு மணிக்கு. அதுவரை மேனேஜரிடம் 'அழித்துவிட்டேன் சார், சரியாகிவிட்டது' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாட்டுப்பொங்கல் சாயங்காலம் கிணற்றடியில் வந்து நின்று, 'அப்பா, ஒண்ணு கேக்கணும்' என்றாய். நீ வாயைத் திறப்பதற்குள் நான், 'எல்லா வீட்டிலும் இருக்கிறதுதாம்மா, விட்டுக்கொடுத்துப் போ' என்றேன். நீ என்ன கேட்க வந்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுவிட்டால் நான் ஏதாவது செய்யவேண்டி வருமே என்று பயந்தேன், பாப்பா. அதுதான் நிஜம். செய்தி பார்க்கணும் என்று எழுந்து போனேனே, டிவியைப் போடவேயில்லை. மறுநாள் நீ சிரித்துக்கொண்டு காரில் ஏறினாய். சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவள் தூங்கின பிறகு எழுதுகிறேன்.

சுவர் கட்ட வந்த கொத்தனாரை வைத்தே மாடி ரூமுக்கு வெள்ளையடித்தாச்சு. நெல் மூட்டையெல்லாம் கீழே இறக்கியாச்சு. ஏன் என்று அம்மா கேட்டாள். கரையான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டிசம்பர் பிறக்கிறது. ராத்திரி உன் ஸ்கிரிப்ட் ஓடினதும் பார்ப்பேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நீ சாப்பிடுகிற தட்டை ஒரு படம் எடுத்து அனுப்பு.

அப்பா