பழைய டிராப்டோர் ரைஃபிளுக்கு நீங்கள் அனுப்பிய தோட்டா பற்றி நான்காவது புகார்

அனுப்புநர்:
ஜூலையில் இரண்டு பெட்டி .45-70 தோட்டா வாங்கிய வாடிக்கையாளர்,
பில்லிங்ஸ், மொண்டானா.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 'பழைய ரைஃபிள்களுக்கு ஏற்றது' என்று விற்ற தோட்டாவின் அழுத்த அளவைக் கேட்டும், பணத்தைத் திருப்பிக் கேட்டும்.

ஐயா,

வணக்கம். இதே விஷயமாக உங்களுக்கு இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து சொல்லவில்லை, கேள்வி கேட்டிருந்தேன். ஏழு முறை போனும் செய்தேன். அதில் ஒருமுறை 41 நிமிடம் காத்திருந்தேன், யாரோ எடுத்து 'ஹலோ' என்றார்கள், உடனே லைன் போய்விட்டது. அலுத்துப் போய்த்தான் இப்போது எழுதுகிறேன். தயவுசெய்து இதையாவது முழுவதும் படியுங்கள்.

அந்தப் பச்சைப் பெட்டியைப் பற்றித்தான். எது என்று உங்களுக்கே தெரியும்: இருபது .45-70 தோட்டா (.45 என்பது அங்குலத்தில் குழலின் அளவு, 70 என்பது அந்தக் காலத்தில் போட்ட வெடிமருந்தின் எடை), மேலே குதிரைவீரன் படம். உங்கள் விற்பனைப் பட்டியலில் '405 கிரெய்ன் ஈயக் குண்டு, பழைய ரைஃபிள்களுக்கு ஏற்றது' என்று இருந்தது (கிரெய்ன் என்பது குண்டையும் மருந்தையும் எடைபோடும் சிறிய அளவு). அதை நம்பித்தான் வாங்கினேன்.

என்னிடம் இருப்பது மாமனார் விட்டுச்சென்ற ஸ்பிரிங்ஃபீல்ட் டிராப்டோர், குழலின் பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் கதவு வழியே தோட்டா போடும் பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள். கதவின் மேல் 1884 மாடல் என்று வெட்டியிருக்கிறது. ஒற்றைத் தோட்டா ரைஃபிள், 32 அங்குலத்துக்கு மேல் நீளமான குழல். மாமனாரின் தாத்தா காலத்திலிருந்து அந்தப் பண்ணை வீட்டில் இருந்தது. இதில் விளையாட முடியாது, அதனால்தான் வாங்கும் முன்பே உங்களுக்குப் போன் செய்து கேட்டேன். எடுத்தவர் ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினார். '.45-70 என்று பெயர் இருந்தால் எல்லா .45-70 துப்பாக்கிக்கும் பொருந்தும் சார்' என்றார். பொருந்தும் என்பது வேறு, தாங்கும் என்பது வேறு. தோட்டா செய்து விற்கும் நிறுவனத்துக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

பெட்டி வந்தது. மேலே ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கர் ஒரு மூலையில் சுருண்டிருந்தது. நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் வேறொரு அச்சு இருந்தது: 'நவீன துப்பாக்கிகளுக்கு மட்டும்'. பக்கவாட்டில் வேகம் விநாடிக்கு 1,900 அடி என்று இருந்தது. சந்தேகப்பட்டு ஒரு தோட்டாவை, குண்டைத் தனியே கழற்றும் சுத்தியலில் போட்டு நாலு தட்டு தட்டினேன். வெளியே வந்து விழுந்த குண்டு ஈயம் இல்லை, செம்பு உறை போட்டது. மேசைத் தராசில் வைத்தால் 350 கிரெய்ன். இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். அதிலும் செம்பு உறைதான், ஆனால் எடை 300. ஒரே படம், ஒரே ஸ்டிக்கர், உள்ளே இரண்டு வேறு சரக்கு, இரண்டுமே நான் கேட்டது இல்லை.

அந்த ஸ்டிக்கரை ஒட்டியவர் யார் என்று இன்றுவரை நீங்கள் சொல்லவில்லை.

இப்போது அந்த நவம்பர் பயணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டாவதாக என்னிடம் பேசிய உங்கள் ஊழியர், பெட்டிகளைத் தபாலில் திருப்பி அனுப்பச் சொன்னார். அதை நம்பி அட்டைப்பெட்டியில் கட்டி, முகவரி எழுதி, தபால் நிலையத்தில் அரை மணி வரிசையில் நின்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கவுன்டரில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். தபாலில் தோட்டா அனுப்பவே கூடாதாம், சட்டப்படி தடை. வரிசையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பொய் சொல்லி அனுப்பியிருந்தால் என் கதி என்ன? தோட்டா விற்கும் நிறுவனத்தின் ஊழியருக்கு இது தெரியாதா?

சரி, நேரிலேயே கொடுத்துவிடுவோம் என்று ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உங்கள் சேவை மையத்துக்குக் காரில் கிளம்பினேன். ஒரு வழிக்கே 170 மைல். போகும்போது பனி, வரும்போது அதைவிட மோசமான பனி. அங்கே கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார். பிரிக்காமல் உள்ளே வேறு சரக்கு இருப்பது எப்படித் தெரியும்? ஸ்டிக்கரைக் காட்டினேன், கழற்றிய குண்டைக் கையில் வைத்துக் காட்டினேன். என் ரைஃபிளுக்கு இது ஆபத்தில்லையா என்று கேட்டேன். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: 'உள்ள நுழைஞ்சா சுடும். பயமா இருந்தா அந்தப் பழைய இரும்பைச் சுவத்துல மாட்டிட்டு வேற வாங்குங்க.' பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்கு 61 வயது. என் வாழ்க்கையில் எந்தக் கடையிலும் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. 170 மைல் திரும்பி வரும்போது அந்த ஒரு வரிதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

உள்ளே நுழைந்தால் சுடுமாம்! அதுதானே ஆபத்தே. .45-70 கூட்டின் அளவு 1873 முதல் மாறவில்லை. அன்றைக்குக் கருமருந்து என்ற பழைய கால வெடிமருந்து போட்ட அதே அளவுக் கூட்டில் இன்றைக்குப் பலமான புகையற்ற வெடிமருந்தைப் போட்டு நவீன துப்பாக்கிக்கு விற்கிறார்கள். அது என் ரைஃபிளிலும் வெண்ணெய் மாதிரி உள்ளே போகும். கதவும் மூடும். அந்தக் கதவு அழுத்தத்தைத் தாங்குமா என்பது விசையை இழுத்த பிறகுதான் தெரியும்.

அந்தக் கதவைத் தாங்கிப் பிடிப்பது எது என்று உங்கள் கவுன்டர்காரர் ஒருமுறையாவது பார்த்திருப்பாரா? முன்பக்கம் ஒரு கீல், பின்பக்கம் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் ஒரு தாழ். அவ்வளவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் கையிருப்பில் இருந்த வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளைப் பின்வழி நிரப்பும்படி மாற்ற, ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையின் எர்ஸ்கின் ஆலின் உருவாக்கிய அமைப்பு அது. கருமருந்தின் அழுத்தத்துக்கு அது நன்றாகவே போதும், ராணுவம் இருபது வருஷம் அதை வைத்துத்தான் ஓட்டியது. சுடும்போது அந்தத் தாழுக்கும் என் கண்ணுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இருக்காது.

இங்கே மேற்கில் .45-70க்கு மருந்து நிரப்பும் கையேடு எதைத் திறந்தாலும் தனித்தனிப் பட்டியல் போட்டிருப்பார்கள்: டிராப்டோருக்கு ஒன்று, கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் வகைக்கு ஒன்று, பலமான நவீன ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு இன்னொன்று. இந்தத் தோட்டாவுக்குத் தொழில்துறை வைத்த உச்ச அழுத்த அளவே சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டுதான். சில கையேடுகள் டிராப்டோருக்கு அதைவிட நன்றாகவே கீழே நின்றுவிடுகின்றன. பலமான துப்பாக்கிக்கான பட்டியலோ 40,000ஐயும் தாண்டிப் போகிறது. நீங்கள் விற்றது இதில் எந்தப் பட்டியல்? இதுதான் என் ஒரே கேள்வி. எட்டு மாதமாக இதைத்தான் கேட்கிறேன்.

தபாலில் அனுப்பச் சொன்னாரே, அதே ஊழியர் இன்னொன்றும் சொன்னார், முன்பே எழுதியிருக்க வேண்டும். '300 கிரெய்ன் லேசானது சார், அதனால் பழைய துப்பாக்கிக்கு அதுதான் பாதுகாப்பு' என்றார். நான் ஒரு நிமிடம் நம்பியும்விட்டேன்! எடையை மட்டும் பார்த்துப் பாதுகாப்பைச் சொல்ல முடியாது. ராணுவம் இதே ரைஃபிளுக்கு முதலில் 405 கிரெய்ன் குண்டோடு 70 கிரெய்ன் கருமருந்து போட்டது. குதிரைப்படையின் குட்டைக் கார்பைனுக்கு உதை அதிகம் என்று மருந்தை 55 ஆகக் குறைத்தது. பிறகு 1880களில் 500 கிரெய்ன் குண்டுக்கே போனது. லேசான குண்டுதான் பாதுகாப்பு என்றால் ராணுவம் ஏன் கனமான குண்டுக்குப் போனது? பின்னால் என்ன மருந்து, எவ்வளவு அழுத்தம் என்பதுதான் கணக்கு. 405 கிரெய்ன் குண்டு கருமருந்தில் விநாடிக்கு ஏறத்தாழ 1,350 அடி போகும். உங்கள் பெட்டியில் இருப்பது 1,900. லேசான குண்டை அவ்வளவு விரட்டுவதற்கு நீங்கள் உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் ஊரில் ஒரு துப்பாக்கி மெக்கானிக் இருக்கிறார், வயதானவர். அவரிடம் எடுத்துப் போனேன். எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயக் கட்டியைக் குழல் வழியே மரக்கோலால் தட்டித் தட்டி இறக்கினார். மறுபக்கம் வந்து விழுந்ததை மைக்ரோமீட்டரில் வைத்து எனக்கும் காட்டினார்: .460 அங்குலம். பெயரளவுக்கு .458 என்றாலும் இந்தக் குழல்கள் பலவும் சற்று அகலமாகவே இருக்குமாம். ஆகவே .458 செம்பு உறைக் குண்டு இதில் சரியாகப் பிடிக்காது, அந்தக் காலத்து மெத்தென்ற எஃகையும் தேய்த்துவிடும். கீலையும் தாழையும் ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. 'கருமருந்து, 405 கிரெய்ன், இருபதுக்கு ஒன்று வெள்ளீயம் கலந்த ஈயம், அளவு .460. இதைத் தாண்டி எதையும் இதில் போடாதீங்க' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உங்கள் நிறுவனத்தில் எட்டு மாதத்தில் எனக்குக் கிடைக்காத பதில் இது.

இழப்பைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பெட்டிக்கு 148 டாலர், மெக்கானிக்குக் கூலி, பெட்ரோல், சம்பளம், போன், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் 3,000 டாலர்கூடக் குறைவுதான். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் மாமனாரின் நினைவு நாள். பண்ணை மேட்டில் அவருடைய ரைஃபிளை ஒரே ஒருமுறை சுடுங்கள், அந்தச் சத்தத்தை நான் கேட்க வேண்டும் என்று மாமியார் கேட்டிருந்தார். அவருக்கு 84 வயது. ஊரிலிருந்து எல்லோரும் வந்தார்கள். ரைஃபிளைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, சுட முடியாது அத்தை என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. டிசம்பரில் அவர் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இனி அந்த மேட்டுக்கு அவரை அழைத்துப் போக முடியாது. அந்த நாளை எங்கள் குடும்பத்திடமிருந்து பறித்தது உங்கள் ஸ்டிக்கர்தான். இதற்கு எத்தனை டாலர் போடுவீர்கள்?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் நிறுவனத்தோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. என் மாமனாரே உங்கள் சரக்கைத்தான் வாங்குவார். முறையாகப் பதில் சொன்னால் நான் இதோடு விட்டுவிடத் தயார். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தப் பச்சைப் பெட்டித் தோட்டாவின் அழுத்தம், குண்டின் எடை, விட்டம், உறை எது என்று எழுத்தில் கொடுங்கள். என் பணத்தைத் திருப்புங்கள், பெட்டிகளை உங்கள் செலவில் சட்டப்படி எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை வாங்கியவர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில், அமெரிக்கக் குதிரைப்படை தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் இருக்கிறது. 1876இல் அங்கே அந்தப் படையின் கையில் இருந்ததும் டிராப்டோர் கார்பைன்தான். இந்தப் பக்கத்தில் எத்தனையோ பழைய வீட்டில் இந்த ரைஃபிள் இருக்கிறது. தாத்தாவின் துப்பாக்கியை ஆசையாக எடுக்கும் ஒரு பையன் உங்கள் பட்டியலில் 'பழைய ரைஃபிள்களுக்கு ஏற்றது' என்று படித்துவிட்டு வாங்கினால் என்ன ஆகும்? என்னிடம் தராசு இருந்தது, அவனிடம் இருக்குமா?

அப்புறம், அந்தக் கவுன்டர்காரர் எனக்குக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

துப்பாக்கியும் தோட்டாவும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வராது என்பது எனக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில் இருக்க வேண்டாம். இக்கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் பதில் வராவிட்டால், மொண்டானா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுப்பேன், சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போவேன். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் பணத்தை நிறுத்தச் சொல்லி ஏற்கெனவே எழுதிவிட்டேன். உரித்த ஸ்டிக்கர், இரண்டு குண்டு, தராசோடு எடுத்த படங்கள், மெக்கானிக்கின் சீட்டு, போன் செய்த தேதிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

போன் செய்ய வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஸ்டிக்கரின் படம், குண்டுகளைத் தராசில் வைத்து எடுத்த படங்கள். மீதித் தோட்டாக்கள் என் வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் சுடவில்லை.