கப்பல் மாதிரிச் சங்கம், கொழும்பு: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, நேரத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

எமது யாப்பின்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். மூன்றாவது முறையாக இந்தக் கடமையைச் செய்கிறேன். போன முறை அறிக்கை நீண்டுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். இந்த முறை சுருக்கவே முயன்றேன். ஆனால் அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலுக்கு நாங்கள் மாதிரி கட்டும் வேலையைப் பற்றிப் பல விதமான கதைகள் உலவுவதால் அதை மட்டும் விரிவாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஆண்டில் பதினொரு மாதாந்தக் கூட்டங்கள் நடந்தன. மே மாதக் கூட்டம் மழையால் நடக்கவில்லை. ஜனவரியில் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு நிறம் பூசும் பயிற்சி. மார்ச்சில் கோட்டையில் உள்ள துறைமுக அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். ஜூலையில் ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றிய பேச்சு: 1914 செப்டெம்பரில் சென்னையில் குண்டு போட்டது முதல் நவம்பரில் கொகோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அகப்பட்டது வரை. செப்டெம்பரில் வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பனியும் தூத்துக்குடி – கொழும்புப் பாதையில் ஓடிய காலியா, லாவோ கப்பல்களும். சராசரி வருகை ஒன்பது பேர்.

ஏப்ரல் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதைப் பற்றித் தலைவர் பேசினார். முதல்நாள் தன் விமானத்திலிருந்து ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய கனடிய விமானி பேர்ச்சோல், துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிய பிரித்தானியக் கப்பல்கள் ஹெக்டர், டெனெடோஸ், அதே நாள் வெளிக்கடலில் மூழ்கிய கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்களில் ஜேர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் மாதிரியைச் செய்து பார்க்காதவர் குறைவு. அந்த பிஸ்மார்க்கின் கடைசி நேரத்தில் டோர்பீடோ விட்ட டோர்செட்ஷயர் ஒரு வருடம் கழியுமுன் எங்கள் கடலில் மூழ்கியது என்று கேட்டபோது பின்வரிசையில் இருந்த மாணவர்கள் இருவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. ஆனால் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு 1922இல் சேவைக்கு வந்துவிட்டது, ஹேர்மிஸ் வந்தது 1924இல். அந்த மாணவர்கள் இப்போது 1/700 அளவில் ஹேர்மிஸ் செய்கிறார்கள், நீளம் 26 சென்டிமீட்டர். இருவரும் சந்தாவைக் கட்டிவிட்டார்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

சரி, அன்னபூரணிக்கு வருகிறேன்.

1930இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இரு பாய்மரக் கப்பல், நீளம் 89 அடி. அமெரிக்கரான ரொபின்சன் அதை வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள்தான் அதைச் செலுத்தினார்கள். சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய், அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஓகஸ்டில் மசசூசெற்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. ரொபின்சன் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார், புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று. எங்கள் சங்க அலுமாரியில் விக்டரி இருக்கிறது, டைட்டானிக் மூன்று இருக்கிறது, யமாட்டோ இருக்கிறது. எங்கள் ஆட்கள் கட்டி எங்கள் ஆட்கள் ஓட்டிய கப்பல் ஒன்று இல்லை. அதனால்தான் 2022இல் அன்னபூரணிக்கு மாதிரி கட்டும் தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். கை உயர்த்தியவர்கள் இருபத்திரண்டு பேர். கூட்டக் குறிப்பில் பெயர்கள் உள்ளன.

1/48 என்று அளவு வைத்தோம். 89 அடி அப்போது இருபத்திரண்டேகால் அங்குலம், மேசையில் வைத்து இருவர் இரு பக்கமும் வேலை செய்யத் தோதான நீளம். பெட்டியில் வரும் மாதிரிகளுக்கு வரைபடம் கூடவே வரும். இதற்கு எங்கள் கையில் இருந்தவை பழைய புகைப்படங்களின் பிரதிகள் மட்டும். வல்வெட்டித்துறை மேத்திரிமார் கண்ணளவிலும் கையளவிலும் கட்டியவர்கள். நாங்கள் படத்தில் அடிமட்டம் வைத்து, 89 அடியை அடிப்படையாக எடுத்து, மற்ற அளவுகளைக் கணக்குப் பார்த்தோம். 2023 முடிவில் ஏரா (அடிமரம்), இருபத்திரண்டு வங்கு (விலா மரம்), பக்கத்துக்குப் பதினொரு பலகை என்று உடல் பாதி மூடியிருந்தது.

பெப்ரவரியில் இரவு பஸ்ஸில் வல்வெட்டித்துறைக்குப் போனேன். இந்தப் பயணம் ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான். உடலைப் பழைய சேலையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, வழி முழுவதும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தண்டையல் (கப்பல் தலைவர்) குடும்பத்துப் பெரியவர் ஒருவர், எண்பது கடந்தவர், விறாந்தையில் இருந்து அதை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெருவிரலை ஏராவில் வைத்து பின்பக்க அமரத்திலிருந்து முன்பக்க அணியம் வரை மெதுவாக இழுத்தார். அணியத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. “தம்பி, அணியம் படுத்துக் கிடக்கு. இது கடலை வெட்டாது, கடலுக்குள்ள பூரும்,” என்றார். கையைக் கவிழ்த்து, விரல் நுனிகளை மட்டும் மேலே தூக்கி, இப்படி வரவேண்டும் என்று காட்டினார். கொழும்புக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தேன். சரிதான். படம் எடுத்த கோணத்தை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அணியத்தின் உயரம் 6 மில்லிமீட்டர் குறைவு. உண்மைக் கப்பலில் அது கிட்டத்தட்ட ஓரடி.

இதனால்தான் மார்ச் முதல் ஜூன் வரை வேலை பின்னோக்கிப் போனது. முன்பக்க வங்குகள் ஐந்தையும் கழற்றினோம். சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்து, பசை இளகிய பிறகு பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கட்டியதைக் கழற்றுவது முட்டாள்தனம் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் தவறான அணியத்தோடு அந்தப் பெரியவரிடம் திரும்பப் போக என்னால் முடியாது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மரக்கீற்றுகளை வரவழைத்திருந்தால் வேலை சுலபம், மறுக்கவில்லை. அன்னபூரணி வேம்பால் கட்டிய கப்பல் என்பதால் மாதிரியும் வேம்பிலேயே இருக்க வேண்டும் என்று நான் நின்றேன். வல்வெட்டித்துறையில் இடித்த பழைய வீடு ஒன்றின் கதவுநிலை கிடைத்தது. நன்றாகக் காய்ந்த மரம். கொழும்பு முகத்துவாரத்து மரக்காலை ஒன்றில் அதை 2 மில்லிமீட்டர்க் கீற்றுகளாக அறுத்தோம். வேம்பின் நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அணியத்தின் வளைவுக்கு மூன்று கீற்று வளைத்தால் ஒன்று பிளந்துவிடும். கொதிநீரில் ஊறவைத்து, சோல்டரிங் அயனின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, உடுப்புக் கிளிப்பால் பிடித்து ஒரு இரவு விட வேண்டும். மறுநாள் கிளிப்பை எடுக்கும்போது மெல்லிய கசப்பு மணம் ஒன்று வரும். அந்த மணத்துக்காகவே இன்னொரு கப்பல் கட்டலாம். ஒக்டோபரில் கடைசிப் பலகை ஏறியது. மூங்கில் சிம்பில் செய்த ஆணிகள் எண்ணூறுக்கு மேல் அடித்தாகிவிட்டன.

இடையில் ஓகஸ்டில் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் மாதிரியின் முன்கொம்பு (அணியத்திலிருந்து முன்னே நீளும் மரம்) முறிந்தது. கூட்டத்தில் ஒரு பிள்ளையின் புத்தகப்பை பட்டுவிட்டது. பிள்ளையைக் குறை சொல்ல எதுவுமில்லை. மேசைக்குப் பக்கத்தில் முறைவைத்து நிற்பதாக ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், வந்தது நானும் பொருளாளரும். அவர் சாப்பிடப் போன பத்து நிமிடத்தில் நடந்தது. மற்ற நால்வரும் அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் கண்காட்சிப் படங்களுக்கு விருப்பம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் மனம் நொந்துபோனது.

சந்தா. அங்கத்தவர் முப்பத்தேழு பேர். மாதம் 200 ரூபா வீதம் ஆண்டுக்கு 2,400. முழுதாகக் கட்டியவர் பத்தொன்பது பேர். சிலருக்கு 2022இலிருந்து நிலுவை. விலைவாசி எப்படி என்று எனக்கும் தெரியும். கட்ட முடியாதவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் யாரையும் நெருக்கப் போவதில்லை. நினைவூட்டல் அனுப்பிய பிறகும் பதிலே வராமல் இருப்பதுதான் கஷ்டம். இனிமேலும் பெயர்களை வாசிக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

கணக்கைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். மொத்தத்தில் வரவைவிடச் செலவு சற்றுக் கூட. பெரிய செலவுகள் அறை வாடகையும் அன்னபூரணியின் கண்ணாடிப் பெட்டிக்குக் கொடுத்த முற்பணமும். பெட்டி அளவு தப்பி வந்ததால் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பயணம், மரம் ஏற்றியது போன்ற சில்லறைச் செலவுகளுக்குப் பற்றுச்சீட்டு முழுதாக இல்லை. துண்டு விழுந்த தொகையைத் தற்போதைக்கு நான் போட்டிருக்கிறேன். எப்போது தர முடியுமோ அப்போது தந்தால் போதும்.

நன்றிகள்: தலைமை தாங்கிய தலைவருக்கு, போஷகர் ஐயாவுக்கு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வடையும் தேத்தண்ணியும் அனுப்பிய பொருளாளரின் துணைவியாருக்கு, வெள்ளவத்தையில் குறைந்த வாடகைக்கு அறை தரும் வீட்டுக்காரருக்கு, மேசைவிளக்கு தந்த கொட்டாஞ்சேனை அங்கத்தவருக்கு. மரக்காலையில் கீற்று அறுத்துத் தந்த அண்ணனுக்குத் தனியாக. அவர் கூலியில் பாதியைத்தான் எடுத்தார், கப்பல் முடிந்ததும் பிள்ளைகளோடு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். செயலாளர் பதவியை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு கொப்பிகளைக் கையளிப்பேன். யாரும் முன்வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன், ஆனால் தனியாக முடியாது. பாய்மரம் இரண்டும் சீவியாகிவிட்டது. பாய்க்கான பருத்தித் துணியை வெறுந்தேத்தண்ணியில் ஊறவைத்துக் காயவைத்திருக்கிறேன், நிறம் நன்றாகப் பிடித்திருக்கிறது. மிச்சம் இருப்பது கயிறும் கப்பியும். கப்பி ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர், நூற்றைம்பது வேண்டும். ஒருவர் ஒரு ஞாயிறு இருந்தால் பத்துச் செய்யலாம், பதினைந்து பேர் ஒரேயொரு ஞாயிறு வந்தால் முடிந்துவிடும். கை நடுங்குபவர்கள் நூலுக்குத் தேன்மெழுகு பூசலாம்.

வல்வெட்டித்துறைப் பெரியவர் மாதம் ஒருமுறை தொலைபேசி எடுக்கிறார். சுகம் விசாரித்துவிட்டு, “பாய் ஏத்தியாச்சா?” என்று கேட்கிறார். போன மாதமும் இல்லை என்றுதான் சொன்னேன்.

வேலை நாள்கள் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. கத்திக்குப் புது பிளேட்டும் ஒரு சாமணமும் கொண்டுவாருங்கள். மண்கடதாசி சங்கத்தில் இருக்கிறது.

செயலாளர்