மகளின் கேள்விக்கு

ஸ்காபரோ

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகள் ரொறன்ரோவுக்கு வந்து ஓவியம் படிக்க விரும்புகிறாள் என்றும், அதைக்கொண்டு இங்கே பிழைக்க முடியுமா என்று என்னிடம் கேட்கச் சொன்னாள் என்றும் எழுதியிருந்தீர்.

நானே ஓவியத்தால் மட்டும் பிழைக்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களும் பூப்புனித நீராட்டு விழாப் பதாகைகளும் வடிவமைக்கிறேன். சொந்தப் படங்களுக்கு இரவும் ஞாயிற்றுக்கிழமையும்தான்.

1957இல் உருவான கனடா கலைகள் மன்றம் மானியம் தருகிறது; சக கலைஞர்களே விண்ணப்பங்களை மதிப்பிடுகிறார்கள். ஆனால் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவர் விண்ணப்பிக்க முடியாது என்பதால், மாணவ விசாவில் வருபவள் அதை நம்பியிருக்கக் கூடாது. கிடைக்கும் பணத்துக்கு வருமான வரியும் உண்டு.

விண்ணப்பம் எழுதுவதில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஈழத்தவனிடம் போரைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டு, 83 கலவரத்தையும் இடப்பெயர்வையும் பக்கம் பக்கமாக எழுதினேன். மானியம் கிடைத்தது, எழுதியதையே ஒரு வருடம் வரைய வேண்டியும் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் என் கண் வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளிலேயே இருந்தது. பனியை உருக்க வீதியில் கொட்டும் உப்பு தோலில் ஊறிக் காய்ந்து, கரைபோல வெள்ளைக் கோடு விடும். விரலால் தடவினால் ஆனையிறவு உப்பளத்து வரம்பில் நாம் சுரண்டிப் பார்த்த அதே சொரசொரப்பு. இப்போது அந்தக் கோடுகளைத்தான் வரைகிறேன். சென்ற வருடம் ஒரு காட்சியகத்தார் வந்து பார்த்துவிட்டு, இதில் உங்கள் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். சப்பாத்தைக் காட்டினேன், அவருக்கு விளங்கவில்லை.

மகளுக்கு ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவையும். என் முதல் கண்காட்சியில் ஒரு சதமும் கேளாமல் படங்களைக் கொடுத்தேன், பெயர் வரும் என்றார்கள். ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் 1968இல் தொடங்கிய கலைஞர் சங்கம் போராடியதால், 1988 ஜூன் 7க்குப் பின் உருவான படைப்பை விற்பனைக்கல்லாமல் பொதுக் காட்சிக்கு வைப்பவரிடம் கட்டணம் கேட்கும் உரிமை இங்கே சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அது தெரிய ஆறு வருடம் ஆனது.

அவள் வரைந்தவற்றில் பத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும். எனக்காகப் பனைமரம் எதுவும் புதிதாக வரைய வேண்டாம்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்