சார்லஸும் வக்கீல்தான்

அன்புள்ள கண்ணனுக்கு,

எப்போது போன் செய்தாலும் மருமகள்தான் எடுக்கிறாள். “வேலையாக இருக்கிறார் அத்தை” என்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு என்னப்பா வேலை? வேளாவேளைக்குச் சாப்பிடு.

இங்கே குயின்சிக்கு யார் வந்தாலும் அப்பா, அந்தக் கால ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் வக்கீலாக இருந்தபோது வாழ்ந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார். கட்சிக்காரர்கள் நேரே ஆபீஸ் அறைக்கு வர ஒரு பக்கத்து வாசல் இருக்குமே, அங்கே நின்றுகொண்டுதான் 1770 கதை. பாஸ்டனில் ஐந்து பேர் சாகக் காரணமான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக ஊர்க் கோபத்தை மீறி வாதாடியது, எட்டுப் பேரில் ஆறு பேருக்கு விடுதலை, இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு, எல்லாம் சொல்லிவிட்டு, “என் பையனும் அப்படித்தான், எவனுக்கும் பயப்பட மாட்டான்” என்று முடிப்பார். உன்னோடு மட்டும் பேச மாட்டார்.

எனக்கு அங்கே போனால் ஆடம்ஸின் மகன் சார்லஸ் ஞாபகம்தான் வரும். ஒன்பது வயதில் அப்பாவோடு ஐரோப்பாவுக்குப் போய், வீட்டு ஏக்கம் தாங்காமல் 1781-ல் திரும்பக் கப்பலேறிய பிள்ளை. அப்புறம் அவனும் நியூயார்க்கில் வக்கீல். அண்ணன் நம்பி ஒப்படைத்த பணம் கரைந்தது. குடி. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நாட்டுக்கே ஜனாதிபதியாக இருந்த அப்பா, இவனைக் கைகழுவிவிட்டேன் என்று 1799-ல் தன் மனைவி அபிகேலுக்கு எழுதினார். மறு வருஷம் நவம்பரில் சார்லஸ் போய்விட்டான். முப்பது வயது. அபிகேல் வாஷிங்டன் போகிற வழியில் படுக்கையில் கிடந்தவனைப் பார்த்துவிட்டுப் போனாள். ஆடம்ஸ் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். பிறகு, தனக்கு அடுத்து ஜனாதிபதியான ஜெபர்சனுக்கு எழுதும்போது, ஒரு காலத்தில் என் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த மகன் என்கிறார். அதை அவன் இருந்தபோது அவனுக்கல்லவா எழுதியிருக்க வேண்டும்? அத்தனை பெரிய மனிதர் மேல் எனக்கு இந்த ஒரு விஷயத்தில் கோபம் ஆறவே இல்லை.

ராஜி சொன்ன டாக்டரைப் போய்ப் பார். வேளாவேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

தேங்க்ஸ்கிவிங்குக்கு நீயும் வர வேண்டும். போன தடவை மாதிரி அவளையும் குழந்தைகளையும் மட்டும் அனுப்பாதே. அப்பாவைக் கேட்டுக்கொண்டு இதை எழுதவில்லை. அவர் கத்தினால் கத்தட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த ரயில் என்று மட்டும் சொல், சவுத் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அம்மா